உமியும் கருவிழியும்

நெல் உமியின் உட்பக்கம் குழிவு. கருவிழியின் வெளிப்பக்கம் குவிவு. கிண்ணத்தின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும். சூடடிக்கும் இடத்தில் பறந்து வரும் ஓர் உமித் துண்டு, எத்தனை தரம் இமைத்தாலும் வெளியே வராமல் கருவிழியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வது இதனால்தான். குழிந்த பக்கம் கீழே இருக்கும். இடையில் கண்ணீர் சிக்கி, உறிஞ்சிப் பிடித்தது போல உமி அங்கேயே நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் அதைச் சுற்றிக் கண் சிவக்கும். பார்ப்பவருக்கு அது ஒரு சின்னக் கொப்புளம் மாதிரித் தெரியும். ஈரத்தில் ஊறிய உமி தேன் நிறத்தில், பாதி ஒளியைத் தன்னூடு விட்டுக்கொண்டு, கண்ணின் ஒரு பாகம் போலவே கிடக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்.

கிளிநொச்சியில் இரணைமடுவின் கீழும், முல்லைத்தீவுப் பக்கம் முத்தையன்கட்டு, வவுனிக்குளத்தின் கீழும், மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தின் கீழும் காலபோக வெட்டுத் தொடங்கினால் தை, மாசி முழுக்கக் காற்றில் சுணைதான். வெட்டு மெசின் வந்த பிறகு சூடு மிதிப்பது குறைந்துவிட்டது, சுணை குறையவில்லை. மெசினடியில் சாக்குப் பிடிப்பவர், நெல் தூற்றுபவர், வைக்கோல் ஏற்றுபவர், நெல் ஏற்றிய உழவு இயந்திரத்துக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் எல்லோருடைய கண்ணும் அந்தக் காற்றுக்குள்தான் இருக்கிறது. அதனால் கண்ணின் அமைப்பைக் கருவிழியை முன்வைத்தே எழுதுகிறேன். உள்ளே இருக்கும் பாகங்களை இந்த முறை விரைவாகக் கடந்துவிடப் போகிறேன்.

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்கு விழிவெண்படலம் என்று பெயர். ஊரில் கருவிழி என்கிறோம். உண்மையில் அது வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை, நிறமே இல்லாத ஒரு சன்னல். நாங்கள் மண்ணிறமாகக் காண்பது அதற்குப் பின்னால் இருக்கும் கதிராளியை. கறுப்பாகக் காண்பது கதிராளியின் நடுத் துவாரத்தை, அதாவது கண்மணியை. ஒரு பிள்ளையைச் சன்னலோரம் இருத்தி, நேரே பார்க்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கதிராளிக்கு முன்னால் மணிக்கூட்டுக் கண்ணாடி போலத் தெளிந்த ஒரு மேடு துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் கருவிழி. குறுக்களவு ஏறத்தாழ 12 மில்லிமீற்றர். நடுவில் தடிப்பு அரை மில்லிமீற்றர் மட்டில், கைவிரல் நகத்தின் தடிப்பு.

அந்த அரை மில்லிமீற்றருக்குள் ஐந்து படைகள். மேலே இருப்பது மேலணி. ஐந்து ஆறு அடுக்குக் கலங்கள்தான். ஓயாமல் உதிர்ந்து, ஒரு கிழமை பத்து நாளுக்குள் முழுவதும் புதிதாகிவிடும். நகமோ நெல்லோலையோ கீறிப் போவது பெரும்பாலும் இந்தப் படையை மட்டும்தான். சுற்றிவரக் கருவிழியும் வெள்ளை விழியும் சந்திக்கும் வளையத்தில் இதற்கான மூலக்கலங்கள் இருக்கின்றன. அங்கிருந்து புதுக் கலங்கள் நடுப்பக்கமாக நகர்ந்து வந்து கீறலை மூடிவிடும். சின்னக் கீறல் ஒன்று முதல் மூன்று நாளில் தழும்பே இல்லாமல் மாறுவது அதனால்தான்.

அதற்குக் கீழே போமனின் படை என்ற மெல்லிய தாள். இது ஒருமுறை கிழிந்தால் திரும்ப வளராது. அதற்கும் கீழே இருப்பது நடுப்படை, கருவிழித் தடிப்பின் பத்தில் ஒன்பது பங்கு. முழுக்கக் கொலாஜன் என்ற புரத நார், இருநூறுக்கு மேற்பட்ட தட்டுகளாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்கப்பட்டது. வெள்ளை விழியான வன்கோதும் அதே கொலாஜனால் ஆனதுதான். பிறகு ஏன் ஒன்று கண்ணாடி, மற்றது பால் வெள்ளை? 1957 இல் டேவிட் மொறிஸ் இதற்கு விளக்கம் கொடுத்தார். வன்கோதின் நார்கள் கையால் எறிந்து விதைத்த வயல் மாதிரி, தடிப்பிலும் இடைவெளியிலும் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. கருவிழியின் நார்கள் கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி, எல்லாம் ஒரே தடிப்பில், ஒரே இடைவெளியில், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய அளவில் நிற்கின்றன. அந்த ஒழுங்கினால் பக்கவாட்டில் சிதறும் ஒளி ஒன்றையொன்று அழித்துவிட, நேரே போவது மட்டும் மிஞ்சுகிறது.

காயம் போமனின் படையைத் தாண்டி நடுப்படைக்குள் இறங்கினால் உடம்பு அதை மூடத்தான் செய்யும். ஆனால் புதிதாகப் போடும் நார் வரிசைக்கு வராது. எறிந்து விதைத்த வயலாகத்தான் வரும். அந்த இடம் வெள்ளையாகிவிடும். ஊரில் "கண்ணில பூ விழுந்திட்டுது" என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தழும்பைத்தான். வயதானவர்களுக்கு வரும் வெண்புரையையும் சிலர் பூ என்கிறார்கள். அது கருவிழியில் வருவதல்ல, கண்மணிக்குப் பின்னால் இருக்கும் வில்லை மங்குவது. ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வெள்ளை கதிராளியின் நிறத்தை மறைத்துக்கொண்டு முன்னால் நின்றால் அது கருவிழித் தழும்பு. கதிராளி முழுதும் தெளிவாகத் தெரிந்து, நடு வட்டம் மட்டும் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருந்தால் வெண்புரை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. வெண்புரைக்கு வில்லையை மாற்றினால் போதும். தழும்பு நடுவில் இருந்தால் கருவிழியையே மாற்ற வேண்டி வரலாம்.

ஐந்து படைகளில் கடைசி இரண்டும் கண்ணின் உட்பக்கம் பார்த்தவை. ஒரு மெல்லிய தாள், அதில் ஒட்டியிருக்கும் ஒற்றை வரிசைக் கலங்கள். இந்த அகவணிக் கலங்களின் வேலை தண்ணீர் இறைப்பது. கருவிழிக்குள் கண்ணின் உள்நீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும். ஊறவிட்டால் நார்களின் இடைவெளி குலைந்து கருவிழி மங்கும். அதனால் இந்தக் கலங்கள் இரவு பகலாக நீரைத் திரும்ப உள்ளே இறைத்துவிடுகின்றன. வளர்ந்த ஒருவருக்குச் சதுர மில்லிமீற்றருக்கு 2500 மட்டில் இருக்கும். இவை மனிதருக்குத் திரும்பப் பெருகுவதில்லை. ஒன்று செத்தால் பக்கத்தில் இருப்பது விரிந்து இடத்தை நிரப்பும். எண்ணிக்கை 500 மட்டுக்கு இறங்கினால் இறைப்பு ஈடுகொடுக்காது, கருவிழி வீங்கி நிரந்தரமாக மங்கும்.

எருக்கலைப் பாலைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். வேலியோரத்தில் நிற்கும் எருக்கலையை முறிக்கும்போது தெறிக்கும் பால் கண்ணில் பட்டால் அதிகம் நோகாது. நோவை உணரும் நரம்பையே அது மரக்கப் பண்ணிவிடுகிறது என்பதால் ஆள் முகத்தைக் கழுவிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். பால் நடுப்படையை ஊடுருவிப் போய் அகவணிக் கலங்களைக் கெடுக்கும். சில மணித்தியாலத்தில் அல்லது அடுத்த நாள் பார்வை புகை மூடினாற்போல மங்கும். பொதுவாக மருந்தோடு சில நாள், சில கிழமையில் தெளியும். ஆனால் செத்த கலம் செத்ததுதான். களப்புக் கரைகளில் நிற்கும் தில்லையின் பால் இதற்கு எதிர்மாறு. பட்டவுடனே நெருப்பாக எரிந்து, கண்ணைத் திறக்கவே விடாது. எரிகிற கண்ணைக் கொண்டு ஆள் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார் என்பதால், நோகாத எருக்கலைதான் எனக்குக் கூடுதல் கவலை.

கருவிழியில் இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. இருந்தால் சன்னலில் சிவப்புக் கோடு தெரியும். ஒட்சிசனைக் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவும், குளுக்கோசைப் பின்னால் இருக்கும் உள்நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. தெளிவுக்காகக் கொடுத்த விலை இது. கையில் முள்ளுக் குத்தினால் இரத்தத்தோடு வெண் குருதிக் கலங்கள் நிமிடக் கணக்கில் வந்து சேரும். கருவிழியில் அவை ஓரத்திலிருந்தும் கண்ணீரிலிருந்தும் ஊர்ந்து வர வேண்டும். அதற்குள் கிருமி முந்திவிடும். இரத்தத்துக்குப் பதிலாக இங்கே நரம்பு நிறைந்திருக்கிறது. உடம்பில் இதைப்போல நரம்பு செறிந்த மேற்பரப்பு வேறு இல்லை, தோலைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. மேலணி உரிந்தால் அந்த நரம்பு நுனிகள் வெளியே தெரியும். மயிரளவு கீறலுக்குப் பெரிய ஆம்பிளையும் குப்புறப் படுத்துவிடுவது கோழைத்தனத்தால் இல்லை.

நோவு தெரிவிப்பது மட்டும் இதன் வேலையல்ல. ஒளியை வளைக்கும் வேலையும் இதற்குண்டு. அந்த வலுவை டயொப்டர் என்ற அலகில் அளப்பார்கள். கண்ணின் மொத்த வலு ஏறத்தாழ 60 டயொப்டர். அதில் 43 மட்டில் கருவிழியுடையது, மிச்சம்தான் உள்ளே இருக்கும் வில்லையுடையது. காற்றிலிருந்து (ஒளியை வளைக்கும் அளவைக் காட்டும் முறிவுச் சுட்டி 1.00) கருவிழிக்குள் (1.376) ஒளி நுழையும் இடத்தில்தான் மிகப் பெரிய வளைவு நடக்கிறது. குளத்தில் முங்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரிவதற்குத் தண்ணீரின் கலங்கல் மட்டும் காரணமல்ல. தண்ணீரின் முறிவுச் சுட்டி 1.33, கருவிழியோடு கிட்டத்தட்ட ஒன்று. அங்கே ஒளி வளைவதற்கு வேலையே இல்லாமல் போகிறது. நாற்பதுக்கு மேல் டயொப்டர் ஒரேயடியாகக் காணாமல் போவதால் விம்பம் விழித்திரைக்கு வெகு பின்னால் போய்விடும். மன்னார்க் கடலில் சங்கு குளிப்பவர் முகமூடி போட்டதும் தெளிவாகக் காண்பது, கண்ணுக்கு முன்னால் காற்று திரும்ப வந்ததால்தான்.

கருவிழியைக் கடந்த ஒளி போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நீர்மயவுடனீர், முன்னே சொன்ன உள்நீர்தான். கதிராளிக்குப் பின்னால் வளையமாக இருக்கும் பிசிருடல் அதை நிமிடத்துக்கு 2 மைக்கிரோலீற்றர் மட்டில் சுரக்க, கதிராளி ஓரத்தின் வடிகட்டி வழியாக அது வடியும். வடிகால் அடைபட்டு அழுத்தம் ஏறினால் குளுக்கோமா. சாதாரண அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம். அடுத்தது கதிராளி, கண்மணியை 2 முதல் 8 மில்லிமீற்றர் வரை சுருக்கி விரிப்பது. அதன் பின்னால் வில்லை, நூல்களில் தொங்குவது. கிட்டப் பார்க்கும்போது பிசிருடல் தசை சுருங்கி நூல்கள் தளர, வில்லை உருண்டு திரளும். நாற்பது கடந்தால் வில்லை இறுகி உருள மறுக்கும். ஊசிக்கு நூல் கோக்கக் கையை நீட்டத் தொடங்குவது அப்போதுதான். அதற்குப் பின்னால் கண்ணாடியுடனீர் என்ற கூழ், 4 மில்லிலீற்றர். கடைசியில் விழித்திரை. மங்கலில் காண்பதற்குப் பத்துக் கோடி மட்டில் கோல்கள், நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் அறுபது இலட்சம் மட்டில் கூம்புகள். கோல்களின் நிறப்பொருளுக்கு விற்றமின் ஏ வேண்டும். முருங்கை இலை, பூசணி, பப்பாசி என்று வளவில் கிடப்பதே போதும், கொஞ்சம் தேங்காய்ப் பாலோ எண்ணெயோ சேர்த்தால்தான் உடம்பில் சேரும். சீனி வருத்தம் உள்ளவர் வருடத்துக்கு ஒருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைக் காட்ட வேண்டும், பார்வை நன்றாக இருந்தாலும். எவ்வளவு நல்ல விழித்திரை இருந்தாலும் முன்னால் சன்னல் மங்கினால் பயனில்லை, ஆகவே திரும்பக் கருவிழிக்கே வருகிறேன்.

கண்ணுக்குள் ஏதோ விழுந்துவிட்டது என்றால் முதல் வேலை, கசக்காமல் இருப்பது. உமியின் ஓரமும் நெல்லோலையின் விளிம்பும் சிலிக்கா ஏறியவை. உமியை எரித்து மிஞ்சும் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். கசக்கும் ஒவ்வொரு முறையும் மணற்கடதாசியால் கருவிழியைத் தேய்க்கிறீர்கள். சாரத் தலைப்பால் ஒற்றுவது, நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவைப் பிழிவது எல்லாம் அன்போடு செய்கிறவைதான். ஆனால் மேலணி உரிந்த இடத்தில் இவை ஒவ்வொன்றும் கிருமியைக் கொண்டுபோய் நட்டுவிடும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதித்தாறிய தண்ணீரை ஒரு சுத்தமான குவளையில் எடுத்து, தலையைச் சரித்து மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக மெல்ல ஊற்றுங்கள். தூசு என்றால் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். வாய்க்கால் தண்ணீர், குளத்துத் தண்ணீர் வேண்டாம். கீறல் உள்ள கருவிழியைத் தின்னும் அகாந்தமீபா என்ற ஒற்றைக்கல உயிர் அப்படியான தண்ணீரில் வாழும்.

போகவில்லை, இமைக்கும் ஒவ்வொரு தரமும் மேலே குத்துகிறது என்றால் துண்டு மேல் இமையின் உட்பக்கத்தில் இருக்கிறது. இமை விளிம்பிலிருந்து 2 மில்லிமீற்றர் உள்ளே நீளமாக ஒரு சின்ன வாய்க்கால் ஓடுகிறது. துகள் போய்ப் படுப்பது அங்கேதான். ஆஸ்பத்திரியில் செம்மஞ்சள் நிறச் சாயம் ஒரு துளி விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். கருவிழியின் மேற்பாதியில் செங்குத்தாக நாலைந்து பச்சைக் கோடுகள், தும்புத்தடி இழுத்த முற்றம் மாதிரித் தெரிந்தால் இமையைப் புரட்டாமல் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. புரட்டும் முறை இது. ஆளைக் கீழே பார்க்கச் சொல்ல வேண்டும், புரட்டி முடியும்வரை கீழேயே பார்க்க வேண்டும். மேல் இமை மயிரைப் பிடித்து மெல்லக் கீழும் முன்னுமாக இழுத்து, விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் மேலே பஞ்சுக் குச்சியைக் கிடையாக வைத்து, மயிரை மேலே தூக்கினால் இமை மடிந்து புரளும். ஈரப் பஞ்சுக் குச்சியால் ஒரே தடவலில் துகளை எடுக்கலாம். கிராமத்தில் முதலுதவி படித்த ஒருவர் இதைச் செய்யலாம். ஆனால் கருவிழியிலேயே பதிந்து நிற்பதைத் தொடக்கூடாது. உமி உட்பட, அது கண் நுண்காட்டியின் கீழ் எடுக்க வேண்டியது. கண் குத்துப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இமையையும் புரட்டக்கூடாது.

துகள் போனபின் நோவு குறைந்துவிட்டதே என்று விட்டுவிடுவதுதான் பெரிய பிழை. நேபாளத்தின் பக்தபூரில் கிராமப் பணியாளர்களைக் கொண்டு நடத்தி 2001 இல் வெளிவந்த ஆய்வொன்றில், கருவிழி கீறுப்பட்டவர்களுக்குக் குளோரம்பெனிக்கோல் 1 வீதக் களிம்பை நாளுக்கு மூன்று முறை, மூன்று நாளுக்குப் போட்டார்கள். காயம் பட்டு 18 மணித்தியாலத்துக்குள் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. பிந்தி வந்தவர்களில்தான் வந்தது. ஆகவே பகல் நெல்லோலை வெட்டினால் அன்றைக்கே, பிந்தினால் அடுத்த நாள் விடியவே ஓபிடிக்கு, அதாவது ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். வெட்டு முடியட்டும், நெல்லு ஏற்றி முடியட்டும் என்று மூன்று நாள் போனால் அந்தக் களிம்புக்கு வேலையில்லை. பயிர்ப் பொருளால் வந்த கீறலுக்குக் கண்ணை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். சூடும் ஈரமும் கிருமிக்குத்தான் வசதி.

மற்றக் கண் காயங்களுக்கும் வயல் காயத்துக்கும் உள்ள வேறுபாடு பங்கசு. மண்ணிலும் அழுகும் தாளிலும் வைக்கோலிலும் இருக்கும் பியுசேரியம், அஸ்பஜில்லஸ் போன்றவை ஓலையோடு உள்ளே போகும். பற்றீரியாப் புண் ஒன்றிரண்டு நாளில் பெரிதாகிக் காட்டிவிடும், பங்கசுப் புண் மெதுவாக வரும். சில நாள் ஒன்றுமில்லாதது போல இருந்துவிட்டு, ஒரு கிழமை மட்டில் கருவிழியில் சாம்பல் வெள்ளைப் பொட்டு தெரியும். விளிம்பு கூராக இராது, இறகின் ஓரம் போலப் பிசிறும். பக்கத்தில் குட்டிப் பொட்டுகள் வரலாம். கதிராளிக்கு முன்னால், கீழ்ப்பக்கத்தில் வெள்ளையாகச் சீழ் மட்டம் கட்டினால் அது முற்றிய அறிகுறி. சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நூல் நூலாகத் தெரியும். நற்றாமைசின் 5 வீதத் துளி, முதலில் மணித்தியாலத்துக்கு ஒரு முறை, பிறகு குறைத்துக்கொண்டு பல கிழமை. அது பால் போல மண்டி கட்டும் மருந்து, ஒவ்வொரு முறையும் போத்தலை நன்றாகக் குலுக்காவிட்டால் தெளிந்த தண்ணீர்தான் கண்ணுக்குப் போகும், மருந்து அடியில் கிடக்கும்.

இந்தப் பங்கசுப் புண்ணில் ஸ்ரீரொயிட் துளி விட்டால் என்ன நடக்கும் என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பாமசியில் கண் சிவப்புக்கு என்று கேட்டு வாங்கும் துளிகளில் டெக்சாமெதசோன், பீற்றாமெதசோன், பிரெட்னிசொலோன் என்ற பெயர்களில் ஒன்று கலந்திருக்கக்கூடும். விட்ட அன்றைக்கே சிவப்புக் குறையும், நோவும் குறையும். ஆள் மகிழ்ந்து இன்னொரு போத்தல் வாங்குவார். குறைந்தது நோயல்ல, நோயை எதிர்க்கும் உடம்பின் வேலை. தடுப்பவர் இல்லாத இடத்தில் பங்கசு நடுப்படைக்குள் வேரோடி, கருவிழியைத் துளைத்துவிடும். வீட்டில் முன்பு யாருக்கோ தந்த துளிப் போத்தலை எடுத்து விடுவதும் இதே ஆபத்துத்தான். பெட்டியில் உள்ள பெயரை வாசியுங்கள், வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

துளி விடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கீழ் இமையை இழுத்தால் வரும் பையில் முப்பது மைக்கிரோலீற்றருக்கு மேல் நிற்காது. போத்தலின் ஒரு துளியே முப்பது முதல் ஐம்பது. இரண்டாவது துளி கன்னத்தில்தான் வழியும். ஒரு துளி, பிறகு இரண்டு மூன்று நிமிடம் கண்ணை மூடி மூக்கோர மூலையை விரலால் அமத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்குள் இறங்காது. வேறு மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து. குளோரம்பெனிக்கோல் துளியைக் குளிரில் வைக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீடென்றால் அதைச் சொல்லிக் களிம்பாகக் கேளுங்கள்.

கிறைண்டர், வெல்டிங், புல்லு வெட்டும் மெசின் ஆகியவற்றின் காயம் வேறு வகை. இரும்புத் துகள் கருவிழியில் குத்தி நின்றால் சில மணித்தியாலத்திலேயே சுற்றிவரத் துருவளையம் கட்டும். அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் இரும்பில் அடிக்கும்போது தெறிக்கும் துண்டு இன்னும் மோசம். கூராக, வேகமாக வந்து கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விடும், பெரிதாக நோகாமலும் இருக்கலாம். கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டுக் கண்ணீர்த் துளி வடிவில் இருந்தால் கண் துளைபட்டிருக்கிறது. கழுவ வேண்டாம், அமத்த வேண்டாம், மருந்தும் விட வேண்டாம். ஒரு கடதாசிக் குவளையை அரைவாசியாக வெட்டிக் கண்ணைத் தொடாமல் சுற்றெலும்பில் தாங்க ஒட்டி, சாப்பிடக் குடிக்கக் கொடுக்காமல் கொண்டுபோங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம். உள்ளே தங்கும் இரும்பு மாதக் கணக்கில் கரைந்து விழித்திரையை நஞ்சாக்கும். வன்னியில் உடம்பில் செல் (எறிகணை) துண்டோடு வாழ்பவர்கள் எத்தனையோ பேர். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், உடம்பில் எங்கே இருந்தாலும், குறிப்பாக முகத்திலும் கண்ணிலும், அதை முதலே சொல்லிவிட வேண்டும். காந்தம் அந்தத் துண்டை உள்ளே நகர்த்தும்.

வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண் உடனே ஒன்றும் காட்டாது. ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்தில் மண் அள்ளிப் போட்டது போல எழுப்பும். புற ஊதாக் கதிரில் வெந்த மேலணி உரிவதுதான் அது. ஒன்று இரண்டு நாளில் மாறும். மரக்கிற துளியை வாங்கி வைத்துக்கொண்டு விடாதீர்கள், அது மேலணியை ஆறவிடாது. ஒட்டு வேலைக்கு 10 அல்லது 11 ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடி. கிறைண்டருக்கும் புல்லு வெட்டவும் சூடடிக்கவும் பொலிகாபனேற் மூக்குக் கண்ணாடி, பக்கமும் மூடியது, ஈஎன் 166 என்ற பாதுகாப்புத் தர இலக்கம் பொறித்தது. வெயில் கண்ணாடி உடைந்து அதுவே கண்ணுக்குள் போகும். வியர்வையில் ஆவி பிடிக்கிறது என்று கழற்றுகிறவர்கள் மேலே காற்றுத் துளை உள்ளதை வாங்கலாம். சுணை படிந்த கண்ணாடியைத் துடைக்கமுன் தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் ஒரே போகத்தில் கீறி மங்கிவிடும்.

கடைசியாகச் சுண்ணாம்பு. வெற்றிலைத் தட்டில் இருக்கும் அதே சுண்ணாம்புதான், பிள்ளைகள் பையை அமத்தி விளையாடும்போது நேரே கண்ணுக்குள் பாயும். அமிலம் கருவிழிப் புரதத்தை உறையப்பண்ணி அந்த உறைவிலேயே ஓரளவு நின்றுவிடும். சுண்ணாம்பு போன்ற காரமோ கல மென்சவ்வின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போகும். சீமெந்தும் இதே வகை. இங்கே மட்டும் தண்ணீரின் தரத்தைப் பார்க்க வேண்டாம், கிட்ட இருக்கும் தண்ணீர் எதுவோ அது. பிள்ளையைச் சீலையால் சுற்றிப் படுக்க வைத்து, ஒருவர் இமையைப் பிரித்துப் பிடிக்க மற்றவர் ஊற்ற வேண்டும். ஒன்றரை லீற்றர்ப் போத்தலின் மூடியில் துளை போட்டால் ஒரு போத்தல் ஐந்து நிமிடம் மட்டில் வரும். ஆறு போத்தல், அரை மணித்தியாலம், இடைவிடாமல். இமை மடிப்பில் ஒட்டிய சுண்ணாம்புக் கட்டியைப் பஞ்சுக் குச்சியால் எடுத்துக்கொண்டே கழுவ வேண்டும், அது இருக்கும்வரை எரித்துக்கொண்டே இருக்கும். கழுவி முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிப் பயணம். கண் சிவந்திருந்தால் ஓரளவு நம்பலாம். கருவிழியைச் சுற்றிச் சிவக்காமல் வெளிறி வெள்ளையாக இருந்தால், இரத்தக் குழாய்களும் அந்த வளையத்தில் இருந்த மூலக்கலங்களும் வெந்துவிட்டன என்று பொருள்.

உலகின் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றுச் சிகிச்சை சுண்ணாம்பு பட்ட கண்ணுக்குத்தான் நடந்தது. 1905 மார்கழியில், இன்றைய செக் நாட்டின் ஒலொமொட்ஸ் நகரில், எடுவார்ட் சிர்ம் என்ற வைத்தியர், இரண்டு கண்ணும் சுண்ணாம்பில் வெந்த ஒரு தொழிலாளிக்கு அதைச் செய்தார். கருவிழியில் இரத்தக் குழாய் இல்லாதது இங்கே நன்மையாகிறது. பெறுபவரின் உடம்பு அந்நியப் பொருளை எளிதில் கண்டுபிடிப்பதில்லை, அதனால் மற்ற உறுப்புகளைப் போல இரத்த வகை பொருந்தக் காத்திருக்கத் தேவையில்லை. இலங்கையில் ஹட்சன் சில்வா என்ற வைத்தியர் 1961 இல் கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964 இல் இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கருவிழிகள் போயின, பிறகு எத்தனையோ நாடுகளுக்கு.

தானம் செய்ய விரும்பும் வீட்டார் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இறந்து நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் எடுத்தால் நல்லது என்பதால் உடனே ஆஸ்பத்திரிக்கு அறிவிக்க வேண்டும். கண் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து உயர்த்தி, தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியை நிறுத்திவிட வேண்டும். காற்று பட்டால் கருவிழி காயும். எடுப்பதற்கு அரை மணித்தியாலம் போதும், முகம் பழையபடியே இருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டவர், வெண்புரை வெட்டியவர், சீனி வருத்தக்காரர், எண்பது வயதுக்காரர் என்றாலும் தடையில்லை. வில்லை மங்கியிருந்தாலும், விழித்திரை கெட்டிருந்தாலும், எடுப்பது முன்னால் இருக்கும் அந்த அரை மில்லிமீற்றரைத்தான்.